புளிக்கு ஒரு நடை, உப்புக்கு ஒரு நடை

புதுச்சேரிப் பக்கம் காட்டேரிக்குப்பத்தில் ஒரு டீக்கடை. குடித்து முடித்து, க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணைப் போடுகிறோம். போனில் வட்டம் சுழல்கிறது. மாஸ்டர் அடுத்த டீயை ஆற்றியபடியே காதைக் கல்லாப் பக்கம் வைத்திருக்கிறார். அங்கிருக்கும் சின்னப் பெட்டி "பத்து ரூபாய்" என்று சொன்ன பிறகுதான் தலையசைக்கிறார்.

அந்த இரண்டு மூன்று நொடிக்குள் செய்தி ஊர் ஊராகப் போய் வந்துவிடுகிறது. செல்போன் கோபுரம், செயலியின் சர்வர், அதன் வங்கி, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, பணத்தைக் கழிக்கும் நம் வங்கி, வரவு வைக்கும் கடைக்காரரின் வங்கி. ஒவ்வொரு இடத்திலும் கேள்வி, பதில், காத்திருப்பு. 2023 ஆகஸ்டில் முதல்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடி யுபிஐ பரிவர்த்தனைகள் நடந்தன.

இந்தச் செய்தி ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் கண்ணாடி இழைக்குள் ஒளியாகத்தான். வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் பாயும் ஒளி, அந்த இழைக்குள் சுமார் 2 லட்சமாகக் குறைந்துவிடுகிறது. 200 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிநொடி. எவ்வளவு விலை உயர்ந்த சர்வர் வாங்கினாலும் இது மாறாது. அமெரிக்கக் கடற்படையின் கணினி மேதை கிரேஸ் ஹாப்பர், ஒளி ஒரு நானோநொடியில் கடக்கும் நீளத்துக்கு, அதாவது 30 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, வெட்டிய கம்பித் துண்டுகளைக் கேட்போர் கையில் கொடுத்து, "ஒரு நானோநொடி என்பது இவ்வளவுதான்" என்று காட்டுவார். தாமதத்தைக் கையில் பிடித்துப் பார்க்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

சர்வர் மும்பையில் இருக்கிறது என்போம். புதுச்சேரியிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,100 கிலோமீட்டர். போய்வர 11 மில்லிநொடி. கேபிள் வளைந்து போவதையும் வழியிலுள்ள கருவிகளையும் சேர்த்து 20 என்று வைத்துக்கொள்வோம். கண் இமைப்பதைவிடக் குறைவு. அப்படியானால் இணையதளங்கள் ஏன் திணறுகின்றன?

மளிகைக் கடைக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டை நினைத்துப் பாருங்கள். புளி வாங்கி வந்ததும் உப்புக்கு ஒரு நடை, பிறகு மிளகாய்க்கு ஒரு நடை. கடை பக்கத்துத் தெருவில் என்றாலும் பொழுது போய்விடும். பல நிரல்கள் டேட்டாபேஸிடம் இப்படித்தான் கேட்கின்றன. முதலில் ஐம்பது பேரின் பட்டியல், பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கேள்வி. 20 மில்லிநொடி வீதம் ஐம்பது நடைக்கு ஒரு முழு நொடி. டேட்டாபேஸ் அமெரிக்காவில் இருந்து, ஒரு நடைக்கு 200 ஆனால், பத்து நொடி. சீட்டு எழுதி ஒரே நடையில் கேட்டால் அந்த ஐம்பதும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக இணைப்பு போடாமல், போட்ட இணைப்பைத் திறந்தே வைத்திருந்தால் இன்னும் சில நடை மிச்சம்.

டேட்டாபேஸ் பல ஊர்களில் பரவியிருந்தால் சிக்கல் கூடும். மூன்று பிரதிகளில் இரண்டாவது "எழுதிவிட்டேன்" என்று சொன்னால்தான் கணக்கு உறுதி என்பது பொதுவான ஏற்பாடு. அந்த இரண்டும் சென்னையிலேயே இருந்தால் பதில் சட்டென்று வரும். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று வந்தால்? ஒன்றை ஹைதராபாத்தில் வைத்தால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் குறைந்தது ஐந்து மில்லிநொடி கூடுதல். பணக் கணக்குக்கு அந்த ஐந்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பேன். பொருட்களின் படம், விலைப்பட்டியல் போன்றவற்றுக்கு வேண்டாம். அவற்றின் நகலைப் பயனருக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளலாம்.

புதுச்சேரிப் பக்கம் நிரல் எழுதப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மடிக்கணினியில் நிரலும் டேட்டாபேஸும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஐம்பது நடையும் கண்ணுக்குத் தெரியாது. ஒப்படைக்கும் முன் டேட்டாபேஸைத் தொலைவிலுள்ள ஒரு சர்வரில் வைத்து ஓட்டி, ஒரு பக்கம் திறக்க எத்தனை முறை போய்வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.