ஆடுகளமும் ஆவணமும்

ஆட்டத்தின் முடிவை மதிப்பெண் பலகை காட்டும். ஆடியவர்கள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை ஆய்வாளரே தேடிக் காட்ட வேண்டும். மட்டைப்பந்து வரலாற்றில் அப்பணியைச் செய்தவர் இராமச்சந்திர குகா.

1958ஆம் ஆண்டு டேராடூனில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த குகா, இமயமலைக் காடுகளையும் சிப்கோ இயக்கத்தையும் ஆராய்ந்தவர். பழைய செய்தித்தாள்களையும் நூல்களையும் ஒப்பிட்டு உண்மை தேடும் அதே முறையை விளையாட்டுக்கும் கொண்டுவந்தார். 2002இல் வெளிவந்த ‘எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்டு’ என்னும் நூல் அதன் பயனாகும்.

அந்நூல் மீட்டெடுத்த மாமனிதர் பல்வங்கர் பாலு. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த பாலு, புனேயில் ஐரோப்பியர் மன்றத்தின் ஆடுகளப் பணியாளராக இருந்தார். அங்குள்ள வீரர்களின் பயிற்சிக்குப் பந்துவீசியே தேர்ச்சி பெற்றார். இந்துக்கள் அணி அவரது திறமையை ஏற்றது. ஆயினும் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் அரங்கிற்கு வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியும், இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923இல் அத்தலைமையைப் பெற்றார். இடைப்பட்ட காலத்தில் நாட்டில் வலுப்பெற்ற தீண்டாமை எதிர்ப்பும் அம்மாற்றத்திற்குத் துணைநின்றது எனக் குகா விளக்குகிறார்.

வீழ்த்திய விக்கெட்டுகள் கணக்கேட்டில் இருந்தன. மண்குவளை அதில் இல்லை. இரண்டையும் சேர்த்து எழுதும்போதே விளையாட்டு வரலாறு சமூக வரலாறாகிறது.