ஓடப் போறீங்களா? முதல்ல ராத்திரிக் கணக்கைப் பாருங்க!

விடிகாலை ஐந்து மணி. ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போகும் ரோட்டில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, எதிரே மலை, ஜில்லென்று காற்று. மனசு மட்டும் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. 'பன்னிரண்டு மணிக்குப் பையனுக்கு 82 இருந்ததே... இப்ப எவ்வளவோ?'

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு இது பழகிப்போன கவலை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: இது மிட்டாய் தின்று வந்த நோய் அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அதனால் தினமும் இன்சுலின் போட்டே ஆகவேண்டும். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்பு இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைத்ததே அபூர்வம்.

இன்று மருந்து இருக்கிறது. ஆனால் ஸ்டிரிப், ஊசி என்று மாதாமாதம் ஆகும் செலவு பல குடும்பங்களுக்குத் தாங்காது. சென்னை ரன்னர்ஸ் அமைப்பு ஜனவரியில் நடத்தும் சென்னை மாரத்தான் மூலம் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக நிதி திரட்டியிருக்கிறார்கள். கோவையின் இதயங்கள் அறக்கட்டளை அந்த உதவியைக் குழந்தைகளிடம் சேர்க்கிறது. 'நம்ம பிள்ளை மாதிரிப் பிள்ளைகளுக்காக நாமும் ஓடினால் என்ன?' என்று தோன்றுவது இயற்கைதானே!

ஓடுங்கள். ஆனால் முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். புதிதாக ஆரம்பிப்பவருக்குப் பத்து கிலோமீட்டரே போதும் என்பது என் கட்சி. காரணம் கால் அல்ல, தூக்கம்.

சாயங்காலம் பிள்ளை நன்றாக ஓடியாடி விளையாடினால், சர்க்கரை பல மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில்கூட இறங்கலாம். விளையாட வேண்டாமென்று தடுக்காதீர்கள். எழுந்து டெஸ்ட் பண்ணித்தான் ஆகவேண்டும். அப்படி இரண்டு முறை எழுந்த ராத்திரிக்கு மறுநாள் ஓட்டம் கிடையாது. அட்டவணையில் என்ன போட்டிருந்தாலும் சரி! தூக்கம் கெட்ட உடம்போடு ஓடினால் முழங்கால் போகும், காய்ச்சல் வரும். நீங்கள் படுத்துவிட்டால் ஊசி போடுவது யார்?

இந்தக் கேள்விதான் முக்கியம். நிறைய வீடுகளில் இந்த வேலை முழுக்க அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்று அப்பத்தா சொல்வது பாசம், பயிற்சி அல்ல. ஓட ஆரம்பிக்கும் முன்பு ஒரு வாரம், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே, கணவரோ அப்பத்தாவோ எல்லாவற்றையும் தாங்களே செய்யட்டும். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. (கஷ்டம்தான்!)

அவர்களுக்குத் தெரியவேண்டியது இது: நடுக்கம், வியர்வை, திடீர் எரிச்சல், குழப்பம் தெரிந்தால் உடனே டெஸ்ட். 70-க்குக் கீழே என்றால் குளுக்கோஸ் அல்லது சீனித் தண்ணீர். பெரிய பிள்ளைக்கு 15 கிராம், அதாவது மூணு நாலு டீஸ்பூன். சின்னப் பிள்ளைக்குக் குறைவு; அளவை டாக்டரிடம் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி டெஸ்ட். மயக்கமோ வலிப்போ வந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது; ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்குப் போன் செய்யவேண்டும்.

இன்னொன்று, அணை வரை ஒரே மூச்சாய்ப் போய்த் திரும்பாதீர்கள். வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் வட்டம் போட்டு அதையே சுற்றுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் வாசலில் நிற்கலாம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டமும் காலை ஊசிக்கு முன்பே முடியட்டும்.

நன்கொடை கேட்டு நோட்டீஸ் அடித்தால், பிள்ளையின் படத்தைப் போடுவதற்கு முன் அவனிடமே கேளுங்கள். ஸ்கூலில் யாருக்கும் தெரிய வேண்டாமென்று அவன் நினைக்கலாம். வேண்டாமென்றால் படம் இல்லாமலே கேளுங்கள், கொடுப்பவர்கள் கொடுப்பார்கள்.

சென்னைக்கு எல்லோருமாய்க் கிளம்பினால் இன்சுலினை ஐஸ் மேல் நேரடியாக வைக்காதீர்கள். உறைந்துபோன மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. துணியில் சுற்றி வையுங்கள். ஸ்டிரிப்பும் ஊசியும் இரண்டு பங்கு எடுங்கள், ஒன்று உங்கள் பையில், மற்றது அவர் பையில்.