ஊவா மலைநாட்டிற் கைப்பின்னற் கலையும் ஓய்வுப் பொழுதும்

மக்கள் ஆற்றும் வினைகளை இருவகைப்படுத்தலாம். ஊதியத்தின் பொருட்டுச் செய்யப்படுவது ஒன்று; செய்வதனால் விளையும் இன்பத்தின் பொருட்டே செய்யப்படுவது மற்றொன்று. முன்னதன் அளவைப் பிறர் வரையறுப்பர். பின்னதன் அளவைச் செய்வோரே வரையறுத்துக்கொள்வர். கம்பளிநூல் பின்னுதல், துணியிற் பூவேலை செய்தல், கூடை முடைதல் முதலிய கைப்பணிகள் இரண்டாம் வகையைச் சாருங்கால் அவற்றைப் பொழுதுபோக்கு என வழங்குவர். அச்சொல் அவற்றின் பெருமையைக் குறைத்துக் காட்டுகின்றது. பொழுதைப் போக்குவன அல்ல, பொழுதைப் பயனுடையதாக ஆக்குவனவே இக்கைப்பணிகள்.

ஊவா மாகாணத்தில் இப்பொருளை ஆராய்தற்குத் தனிக் காரணம் உண்டு. பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் அமைந்துள்ளன. மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றும் மழையும் மூடுபனியும் ஒருங்கு சேருங்கால் தோட்ட லயங்களிற் குளிர் கடுமையாகும். ஆகவே கம்பளியுடை இங்கு வெறும் அலங்காரம் அன்று, இன்றியமையாத் தேவை. கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குத் தலையிற் போர்த்த முரட்டுக் கம்பளி, தோட்ட வாழ்வின் அடையாளங்களுள் ஒன்றாய் விளங்கிற்று.

நூல் நூற்றல் தமிழர்க்குப் புதியதன்று. பருத்தி நூற்ற பெண்டிரைப் புறநானூறு குறிப்பிடுகின்றது. ஆயின் ஊசிகொண்டு பின்னுங் கலை வேறு வழியில் வந்தது. இன்று கிடைக்கும் மிகப் பழைய பின்னலாடைகளுட் பல எகிப்து நாட்டில் இடைக்காலத்தில் ஆக்கப்பட்டவை. அக்கலை ஐரோப்பாவிற் பரவி, ஐரோப்பியர் வழியாக இலங்கையை அடைந்து, பாடசாலைத் தையற் பாடத்திலும் இடம்பெற்றது. காலிப் பகுதியிற் புகழ்பெற்ற நூற்பின்னலைக் குறிக்கும் ரேந்தை என்னுஞ் சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்ததாகும்.

நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள வேறுபாடு அறியத்தக்கது. நெசவிற் பாவு, ஊடை என்னும் இரு நூற்றொகுதிகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும். பின்னலிலோ ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து செல்லும்; முன்வரிசைக் கண்ணி ஒவ்வொன்றினூடும் புதுக்கண்ணி ஒன்று இழுக்கப்படும். கண்ணிகள் இழுபட்டு மீளுந் தன்மையுடையன. ஆதலாற் பின்னலாடை உடலோடு பொருந்தி நெகிழும். கண்ணிகளின் இடையிலும் கம்பளி இழைகளின் சுருளிலும் காற்று தங்கும். தங்கிய காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. உடற்சூடு வெளியேறாமல் அது தடுப்பதே கம்பளியுடையின் கதகதப்புக்குக் காரணமாம்.

இக்கலைக்குக் கணக்கும் வேண்டும். பத்துச் சென்ரிமீற்றர் அகலத்துக்கு 22 கண்ணிகள் அமையுமாறு பின்னுவோர், 80 சென்ரிமீற்றர்ச் சுற்றளவுக்கு 176 கண்ணிகள் இடல் வேண்டும். கை தளர்ந்து, பத்துச் சென்ரிமீற்றருக்கு 20 கண்ணிகளே அமையுமாயின், அதே 176 கண்ணிகள் 88 சென்ரிமீற்றராக விரியும்; சட்டை தொளதொளவென்று தொங்கும். அதனாலன்றோ வல்லோர் முதலில் உள்ளங்கையளவு மாதிரி பின்னி அளந்து பார்ப்பர்! வகுப்பறையில் வெறுக்கப்படும் விகிதசமம் இங்கு விருப்புடன் கற்கப்படுகின்றது. மேலும், பிழைத்த வரிசையைப் பிரித்து மீண்டும் பின்னலாம்; நூல் கெடுவதில்லை. பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து உலர்த்தினால் நெளிவு பெரிதும் நீங்கும். தமையனின் சட்டை தம்பியின் தொப்பியாக மாறும் இச்சிக்கனம் ஏழைக் குடும்பத்துக்கு ஏற்றது.

பின்னல் பெண்களுக்கே உரியதென்னுங் கருத்துப் பொருந்தாது. இடைக்கால ஐரோப்பாவிற் பின்னற் கைவினைஞர் சங்கங்கள் ஆடவராலேயே நடத்தப்பட்டன. பெரு நாட்டின் தக்கீலே தீவில் ஆடவர் இளமையிலேயே பின்னல் பயில்கின்றனர். அத்தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் மானிட மரபுச் செல்வமாக அறிவித்தது.

கொழும்பிற் பிறந்த தமிழறிஞர் ஆனந்த குமாரசுவாமி கண்டி நாட்டுக் கைவினைகளை ஆராய்ந்து 1908ஆம் ஆண்டில் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். அவருடன் இலங்கையில் வாழ்ந்த அவர்தம் முதன் மனைவியார் எதெல் மேரி பின்னர் இங்கிலாந்திற் புகழ்மிக்க கைந்நெசவாளராகி, 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி நூலொன்றும் எழுதினார். 1927ஆம் ஆண்டு நவம்பரிற் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து, கதர்ப்பணிக்கு நிதி திரட்டியபோது பதுளைக்கும் சென்றார். கையால் ஆக்குவதில் மனிதன் தன் மதிப்பைக் காண்கின்றான் என்பதே இவர்களனைவர்க்கும் பொதுவான கொள்கையாம்.

எனினும், இக்கொள்கையைத் தோட்டப்புறத்தே எடுத்துரைக்குமுன் ஒரு வினாவுக்கு விடை காணல் வேண்டும். ஓய்வு எவர்க்கு உண்டு? வைகறையில் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கூடை சுமந்து மலையேறி, மாலையிற் கொழுந்து நிறுத்து, வீடு திரும்பி மீண்டும் சமைக்கும் பெண்ணின் கைகள் நாள் முழுதும் உழைத்த கைகள். அவளிடம் ஊசியையும் நூலையும் கொடுத்து, இன்புறுவாயாக என்பது மற்றுமொரு சுமையை ஏற்றுவதாகவே முடியும். வீட்டுவேலையைக் கணவனும் மைந்தரும் பகிர்ந்துகொண்டாலன்றி அவளுக்கு அரைமணி ஓய்வும் கிட்டாது. ஆகவே பின்னலின் முதற்பாடம் ஊசி பிடித்தல் அன்று, பொழுதைப் பங்கிடுதலே.

விற்பனையைப் பற்றியும் தெளிவு வேண்டும். வில்லியம் லீ என்பார் 1589ஆம் ஆண்டிற் காலுறை பின்னும் பொறியைக் கண்டதிலிருந்து, விலையில் இயந்திரத்தோடு கை போட்டியிடல் அரிதாயிற்று. பெரியவர்க்குரிய சட்டையொன்றைக் கையாற் பின்ன நாற்பது மணி நேரமும் அதற்கு மேலும் செல்லக்கூடும். அந்நேரத்தைக் கணக்கிடாது நூலின் விலைக்கு மேற் சிறிதளவே கொடுத்து வாங்குவோர், பொழுதுபோக்கென்னும் பெயரால் உழைப்பைக் கவர்வோராவர். விற்க விரும்புவோர் விற்கலாம். ஆனால் மணிக்கணக்கை எழுதி வைத்தே விலை கூறல் வேண்டும். விற்க விரும்பாதோரை வற்புறுத்தலும் ஆகாது.

பாடசாலைகள் இதற்கு வழிகாட்டலாம். வாரத்தில் ஒருநாள் மாலை ஆண், பெண் இருபாலார்க்கும் ஊசியும் நூலும் வழங்கி, இருபது கண்ணிகளில் ஒரு கழுத்துத் துணி பின்னக் கற்பித்தல் எளிது, செலவும் சிறிது. வீட்டில் முதியோர் எவரேனும் வல்லவராயின் அவரையே ஆசிரியராக அழைக்கலாம். பிறர் நிறுக்கும் கொழுந்திற் பெயரில்லாது மறையும் உழைப்புக்கு இடையே, தன் கையால் ஆகித் தன் பிள்ளையின் தோளிற் கிடக்கும் ஒரு பொருள், இதனைச் செய்தவள் இவள் என்று சொல்லும். அச்சொல்லைக் கேட்கும் உரிமை மலைநாட்டுத் தாய்மார் ஒவ்வொருவர்க்கும் உண்டு.