கொப்பரைக்கு ஏன் தடை?

அயல்நாட்டிலிருக்கும் நண்பர்களைக் காணச் செல்வோர் வெறுங்கையுடன் போவதில்லை. கொங்கு நாட்டாரின் பெட்டியில் முறுக்கு, ஊறுகாய், கறிவேப்பிலைக் கட்டு ஆகியவற்றுடன் கொப்பரையும் இடம்பெற்றுவிடும். மதுக்கரையைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போனால் வழிநெடுகத் தென்னந்தோப்புகளும் கொப்பரைக் களங்களும்தானே! ஆனால் விமான நிலையத்தில் முறுக்கைத் தடையின்றி விட்டுவிடும் ஊழியர், நாலு மூடிக் கொப்பரையைக் கண்டதும் எடுத்து வெளியே வைத்துவிடுகிறார். ‘இது என்ன வெடிகுண்டா?’ என்று பயணிக்குக் கோபம் வருவது இயல்பே.

வெடிகுண்டு அன்று, எனினும் ஐக்கிய நாடுகள் வகுத்த ஆபத்தான சரக்குகளின் பட்டியலில் கொப்பரைக்கு 1363 என்ற எண் தரப்பட்டுள்ளது. அது சேர்க்கப்பட்டிருக்கும் பிரிவு 4.2, அதாவது தாமாகவே தீப்பற்றக்கூடிய பொருள்கள். காற்றுப் பட்டால் எரியும் வெண் பாஸ்பரசும் இதே பிரிவில்தான் இருக்கிறது.

கொப்பரை எப்படித் தானே தீப்பற்றும்? ஈரமான வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே சூடேறுவதைக் கிராமத்தார் அறிவர். அதுவேதான் இங்கும் நடக்கிறது. நன்கு உலர்ந்த கொப்பரையில் ஈரம் சுமார் 6 விழுக்காடு. எண்ணெய் 60 விழுக்காட்டுக்கு மேல். ஈரம் கூடுதலாக இருந்தால் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் பெருகி மூச்சுவிடுகின்றன. அதில் வெப்பம் பிறக்கிறது. சூடு மிகுந்து அவையே மடிந்த பின்பு, எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடும் வினை வேலையைத் தொடர்கிறது. இவ்வினையும் வெப்பத்தை வெளியிடுவது. வெப்பம் ஏற ஏற விரைவாவது.

இத்தனை வெப்பமும் வெளியேறிவிட்டால் கவலையில்லை. இங்கேதான் வடிவியல் குறுக்கிடுகிறது. வெப்பம் பிறப்பது குவியலின் கன அளவு முழுவதிலும்; வெளியேறுவதோ மேற்பரப்பின் வழியாக மட்டும். பக்கம் 10 செ.மீ. உள்ள கனசதுரத்தின் கன அளவு 1000 கன செ.மீ., மேற்பரப்பு 600 சதுர செ.மீ. ஒவ்வொரு கன செ.மீட்டருக்கும் 0.6 சதுர செ.மீ. வாசல் கிடைக்கிறது. பக்கத்தை 1 மீட்டராக்கினால் இது 0.06 ஆகிவிடும். குவியல் பெரிதானபோது வாசல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது! மேலும் கொப்பரை வெப்பத்தை எளிதில் கடத்துவதுமில்லை. கப்பலின் சரக்கறையில் டன் கணக்கில் அடுக்கிய கொப்பரை புகையத் தொடங்குவது இவ்வாறுதான்.

அப்படியானால் பெட்டியிலுள்ள நாலு மூடி எரியுமா? எரியாது என்றே நான் சொல்வேன். வாசல் அதற்குத் தாராளம். ஆனால் சோதனைச் சாவடியின் எக்ஸ் கதிர் கருவி கொப்பரையின் ஈரத்தை அளந்து சொல்லாது. நூறு பயணிகளின் பெட்டிகள் சரக்கறையில் ஒன்றாகச் சேரும்போது மொத்தம் எவ்வளவு என்பதையும் சொல்லாது. விதி சற்றுக் கடுமையாகத் தோன்றினாலும் பொருளற்றது அன்று.

கறிவேப்பிலையின் கதை வேறு. அது எலுமிச்சை, ஆரஞ்சு இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். எலுமிச்சையைத் தாக்கும் சில்லா என்ற பூச்சி, கறிவேப்பிலைக் கொழுந்திலும் முட்டையிடும். பூச்சியின் நீளம் 3 அல்லது 4 மி.மீ.; முட்டையோ 0.3 மி.மீ. தான். கட்டை உதறிப் பார்த்தாலும் கண்ணில் படாது. இப்பூச்சி மரத்துக்கு மரம் ஏற்றிச் செல்லும் பாக்டீரியா, உணவு கடத்தும் குழாய்களை அடைத்துக் காயைப் பச்சையாகவே கோணலாக்கிவிடுகிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1998இல் பூச்சியும், 2005இல் நோயும் காணப்பட்டன. 2003-04 பருவத்தில் சுமார் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அம்மாநிலத்தில் 2022-23இல் கிடைத்தது சுமார் 1.6 கோடிப் பெட்டி. புயல்களுக்கும் இதில் பங்குண்டு, பெரும்பங்கு நோயினுடையது. பச்சைக் கறிவேப்பிலையைப் பயணிகள் கொண்டுவர அந்நாடு அனுமதிக்காததற்கு இதுவே காரணம்.

அந்நியப் பூச்சி என்ன செய்யும் என்பதைக் கோவை வட்டாரத்து விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2008இல் கண்டறியப்பட்டது நம் கோயம்புத்தூரில்தான். பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளியையும் மல்பெரியையும் வெள்ளை மாவு பூசியதுபோல் மூடியது. பட்டுப்புழு வளர்த்தோர் தழையின்றித் தவித்தனர். மருந்தடித்தும் மாளவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாத ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டு விடப்பட்ட பிறகே அது அடங்கிற்று.

இனி ஊறுகாய். பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கே. பாயில் விதிப்படி, பாட்டிலின் மேற்பகுதியில் அடைபட்ட 100 மி.லி. காற்று 133 மி.லி. இடம் கேட்கும். பாட்டில் படுத்துக் கிடந்து, மூடியும் சற்றுத் தளர்ந்திருந்தால், 33 மி.லி. எண்ணெய் புதுப்புடவையின்மேல்தான் வந்து சேரும். கழுத்துவரை நிரப்பிக் காற்றை 10 மி.லி. ஆக்கிவிட்டால் கசியக்கூடியது 3 மி.லி. அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறையே போதும்.