சதுரங்கத்தில் நம்பத்தகுந்த தொடக்கம்

சதுரங்கத்தில் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களை ‘ஓப்பனிங்’ என்பர். இவற்றுக்குப் பெயர்கள் ஏராளம். இவை பற்றிய புத்தகங்களோ ஓர் அலமாரி கொள்ளாதவை. பகலில் பள்ளி, இரவில் வீட்டுப்பாடம், சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஆட்டம் என்றிருக்கும் நாம் அத்தனையையும் மனப்பாடம் செய்ய இயலுமா? ஆகவே ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

நம் பள்ளித் தங்கைகளுக்குப் பிடித்தது, ராணியை உடனே வெளியே விரட்டி நான்கே நகர்த்தலில் செக்மேட் செய்வது. அது ஒரு முறை பலிக்கும். எதிரி தடுக்கத் தெரிந்தவளானால், அவளுடைய குதிரைகள் நம் ராணியைத் துரத்திக்கொண்டே களத்துக்கு வந்துவிடும். நம் காய்களோ வீட்டிலேயே இருக்கும். எதிரி ஏமாந்தால் மட்டுமே பயன் தரும் தொடக்கத்தை நம்புவது எப்படி?

உலக வீரர்கள் நெருக்கடியில் எதை நாடுகிறார்கள் என்று பார்ப்போம். 2010-ஆம் ஆண்டு பல்கேரியாவின் சோபியா நகரில் நம் சென்னை விசுவநாதன் ஆனந்தும், அந்நாட்டு வீரர் தோபலோவும் உலகப் பட்டத்துக்கு மோதினர். (ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் ஜெர்மனியிலிருந்து ஏறத்தாழ 40 மணி நேரம் சாலை வழியே சென்று சேர்ந்தார்!) பதினோரு ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் சமம். கடைசி ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். அவர் புதுமை எதையும் தேடவில்லை. நூறாண்டுக்கு முன் உலக வீரராக விளங்கிய லாஸ்கரின் பெயரால் வழங்கும் பழைய தற்காப்பையே ஆடினார்.

அதன் கருத்து எளியது. ராணியின் முன்னுள்ள சிப்பாயை நடுவில் நிறுத்தி, ராஜாவின் சிப்பாயால் அதற்குத் துணை கொடுப்பது. இதனால் கறுப்பின் காய்கள் சற்று நெருக்கமாகிவிடும். உடனே குதிரையை நடுக்கட்டத்துக்கு அனுப்பி இரண்டு ஜோடிக் காய்களை மாற்றிக்கொள்வார்கள். ஒற்றை அறை வீட்டிலிருந்து இருவர் வெளியே போனால் மற்றவர்க்குக் காற்று வருவதில்லையா, அதுபோலத்தான். வென்றே தீருவது என்று துணிந்த தோபலோவ் தம் ராஜாவின் முன்னிருந்த காவலைத் தாமே திறந்துவிட்டார். 56-ஆவது நகர்த்தலில் ஆட்டமும் பட்டமும் ஆனந்துக்கு. பழைய தொடக்கம் அவருக்கு வெற்றியைக் கொடுக்கவில்லை. அதற்காகக் காத்திருக்கும் பத்திரமான இடத்தைக் கொடுத்தது.

வெள்ளைக் காய்கள் கிடைத்தால் நான் சொல்வது ‘இத்தாலியன்’. ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம், எதிரியும் அவ்வாறே. நம் ராஜா பக்கக் குதிரை அந்தச் சிப்பாயைத் தாக்கும். அவளுடைய குதிரை காக்கும். மூன்றாவதாக நம் மந்திரி நான்காம் வரிசைக்கு வந்து, எதிரி ராஜாவைத் தவிர வேறு காவலில்லாத சிப்பாயைக் குறிவைக்கும். அடுத்து காஸ்லிங் செய்யலாம். பிறகு ராணியின் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தி நிதானமாக ஆடினால் போதும்.

அதே மந்திரி இன்னும் ஒரு கட்டம் தள்ளிப் போய் அக்குதிரையைத் தாக்கினால் அது ‘ரூய் லோபஸ்’. 1561-இல் சதுரங்க நூல் எழுதிய ஸ்பானியக் குருவானவரின் பெயர் அது. அவர் காலத்தில் அதே நாட்டில் வாழ்ந்த அவிலா புனித தெரசம்மாளும் தம் சபைச் சகோதரிகளுக்கு ஜெபத்தைப் பற்றி எழுதுகையில் சதுரங்கத்தை உவமை காட்டியிருக்கிறார். 1944-இல் ஸ்பெயினில் அவரைச் சதுரங்க ஆட்டக்காரர்களின் பாதுகாவலியாக அறிவித்தனர். குருவானவரின் தொடக்கம் மிக உயர்ந்ததுதான்; ஆனால் கிளைகள் அதிகம். பொதுத்தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்!

கறுப்புக் காய்களுக்கு, எதிரி ராணியின் சிப்பாயால் தொடங்கினால் ஆனந்த் ஆடிய முறையே போதும். அதில் ஒரு குறை: ராணி பக்க மந்திரி நெடுநேரம் அடைபட்டுக் கிடக்கும். எதிரி ராஜாவின் சிப்பாயால் தொடங்கினால் ‘கேரோ-கான்’ நல்லது. 1886-இல் கேரோ, கான் என்ற இருவர் ஆராய்ந்தது இது. ராணி பக்க மந்திரியின் முன்னுள்ள சிப்பாய் ஒரு கட்டம், அடுத்து அதன் துணையோடு ராணியின் சிப்பாய் இரண்டு கட்டம். இங்கே அந்த மந்திரி பெரும்பாலும் முன்கூட்டியே வெளியே வந்துவிடும்.

எங்கள் மூக்கண்டப்பள்ளியில் ஒருத்தி யானை என்பாள், இன்னொருத்தி ஆனெ என்பாள், மற்றொருத்தி ஏனுகு என்பாள். எப்பெயரிட்டு அழைத்தாலும் அந்தக் காய் மூலையிலேயே தூங்கக் கூடாது. காஸ்லிங் முடிந்ததும் சிப்பாய் இல்லாத நெடுவரிசை எதுவென்று பார்த்து அதை அங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். ஓப்பனிங் அத்துடன் முடிந்தது.