உருளைக்கிழங்கும் காய்கறியும்: வாங்கும் வகையும் வைத்துக் காக்கும் முறையும்

நெசவாளர் இல்லங்களிற் பலவற்றில் காய்கறி வாங்குவது நாள்தோறும் நிகழும் காரியமன்று. நெய்த சேலையைச் சங்கத்தில் ஒப்படைத்துக் கூலி பெறும் நாளையும், ஊர்ச் சந்தை கூடும் நாளையும் ஒட்டியே அது நடைபெறுகிறது. ஒரே தடவையில் வாங்கிய கிழங்கும் காயும் அடுத்த சந்தை வரையில் தாங்கியாக வேண்டும். மூன்றாம் நாள் கீரை அழுகி, ஐந்தாம் நாள் கிழங்கு முளைவிட்டால், வீணாவது காய் மட்டுமன்று. தறியில் உட்கார்ந்த நேரமும் அதனுடன் போகிறது. காய் விளைவிக்கும் அன்பர்களுக்கும் இவ்விஷயத்தில் அக்கறை உண்டு. வாங்குவோர் எதைப் பார்த்து எடுக்கிறார்கள், எதைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், அறுவடையின்போதே தரம் பிரித்துக்கொள்ளலாம் அன்றோ?

முதலில் உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். 1820-களில் கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் உதகையில் பிற மேனாட்டுக் காய்களோடு இதையும் பயிரிடச் செய்தார். நீலகிரி உருளை அன்று தொடங்கியது. 1935-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் மலையில் விளைந்த கிழங்கை மேட்டுப்பாளையத்தில் ஏலமிட்டு விற்கும் முறையை ஏற்படுத்தியது. மலையில் ஆண்டுக்கு மூன்று பருவங்களில் இப்பயிர் செய்வதால், புதுக்கிழங்கு பல மாதங்களில் கிடைக்கிறது. வட இந்தியக் கிழங்கோ பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தோண்டப்பெற்று, குளிர்பதனக் கிடங்கில் பல மாதம் கிடந்து பின்னர் நம் ஊர் வருவது. கிடங்கிலிருந்து வெளிவந்த கிழங்கு நம் நாட்டு வெப்பத்தில் விரைவில் முளைத்துவிடும். ஆகவே அதை வாரத்திற்கு வேண்டிய அளவே வாங்குதல் நலம். செம்மண் ஒட்டியிருப்பது ஒன்றைக் கொண்டே மலைக்கிழங்கு என்று முடிவு செய்யலாகாது. மண்ணுக்கும் சேர்த்தே எடை போடுகிறார்கள் என்பதையும் நினைவிற் கொள்க.

கிழங்கு கைக்குக் கெட்டியாக இருக்கவேண்டும். சுருக்கம் விழுந்தது, கண்களில் முளை கிளம்பியது, மண்வெட்டி பட்டுக் காயமுற்றது, ஈரம் கசிவது ஆகியவற்றை விலக்குக. கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரியும் கிழங்கு புதியது. அதில் நீர் அதிகம், மாவு குறைவு, வெந்தாலும் உருக்குலையாது. பொரியலுக்கும் குழம்புக்கும் அது ஏற்றது. ஆயினும் தோல் முற்றாததால் நெடுநாள் நில்லாது. தோல் முற்றிய கிழங்கு பெரும்பாலும் மாவுப்பாங்கானது. பூரிக்கு மசாலாக் கிழங்கும் போண்டாவும் செய்ய அதுவே நன்று. எது எவ்வகை என ஐயம் தோன்றினால் ஒரு சோதனை உண்டு. ஒரு பங்கு உப்பைப் பதினொரு பங்கு நீரிற் கரைத்துக் கிழங்கை இடுக. மாவு மிகுந்தது அடியில் தங்கும். நீர் மிகுந்தது மிதக்கும்.

இனிச் சொல்லப்போவதைச் சகோதரிகள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். வெளிச்சம் பட்ட உருளைக்கிழங்கு பச்சை நிறம் கொள்ளும். அந்தப் பச்சை இலையிலுள்ள பச்சையமே, அதனால் தீங்கில்லை. ஆனால் பச்சையம் உண்டாகும் அதே வேளையில் சோலனைன் என்னும் நச்சுப்பொருளும் தோலையடுத்த பகுதியில் பெருகுகிறது. முளையிலும் முளைக்கும் கண்ணைச் சுற்றியும் இது மிகுதி. வேகவைப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை. பலர், “கொதிக்கிற கொதியில் எல்லாம் போய்விடும்” என்று எண்ணுகிறார்கள், அது தவறு. இதனை மிகுதியாக உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தலைவலியும் உண்டாகும். சிறு உடம்புக்குச் சிறு அளவே போதுமாகையால் குழந்தைகளின் உணவில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இலேசாகப் பச்சை கண்டிருந்தால் அப்பகுதியைத் தடிப்பாகச் சீவி எறிந்துவிட்டு மிகுதியை உபயோகிக்கலாம். பெரும்பகுதி பச்சையாயிருந்தாலும், வெந்த பிறகு நாவிற் கசப்புத் தட்டினாலும் முழுவதையும் கொட்டிவிடுவதே முறை. கடைக்காரர்கள் கிழங்கை வெயிலில் பரப்பி வைப்பதும், இரவெல்லாம் விளக்கொளியில் குவித்து வைப்பதும் இக்காரணத்தால் வேண்டாத செயல்களாம். வயலில் பாருக்கு மேலே தலை நீட்டிய கிழங்கும் இவ்வாறே பச்சையாகும். நன்றாக மண் அணைத்தால் அதைத் தவிர்க்கலாம்.

ஆகவே வீட்டில் இருளும் காற்றோட்டமும் உள்ள இடமே கிழங்குக்கு உரியது. ஓலைக் கூடையிலோ சணல் சாக்கிலோ கழுவாமல் வைத்து, மேலே கனத்த துணியால் மூடுக. பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து அழுகும். ஒன்று அழுகினால் பக்கத்திலுள்ளதும் கெடுமாதலால் இரண்டு நாளுக்கொரு முறை புரட்டிப் பார்த்தல் வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைப்பதும் சரியன்று. மிகுந்த குளிரில் மாவு சர்க்கரையாக மாறுவதால் கிழங்கு தித்திக்கும், வறுத்தால் கறுக்கும்.

நம்மவர் வீடுகளுக்கே உரிய ஒரு சங்கடத்தையும் இங்கே கூறவேண்டும். இழை அறாமலிருக்கக் குழித்தறி உள்ள அறையில் ஈரப்பதத்தை விரும்புகிறோம். நூலுக்கு நல்லதான அந்த ஈரம் வெங்காயத்துக்கு ஆகாது. இடம் போதாமையால் தறியடியில் வெங்காயக் கூடையை வைக்கும் வழக்கத்தை விட்டு, அதனை உலர்ந்த தாழ்வாரத்தில் உறியிலோ கயிற்றிலோ தொங்கவிடுக. வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையிற் போடவும் வேண்டாம்.

கீரைக்கும் பச்சைக் காய்களுக்கும் ஈரமும் குளிர்ச்சியும் தேவை. நனைத்துப் பிழிந்த பழைய பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் கீரை மறுநாளும் வாடாதிருக்கும். பழுத்த வாழைப்பழத்துக்கும் மாம்பழத்துக்கும் அருகில் அதை வைக்கலாகாது. பழத்திலிருந்து எழும் வாயு இலையை மஞ்சளாக்கிவிடும். கொல்லையில் இடமுள்ளோர் செங்கல்லால் இரட்டைச் சுவர்த் தொட்டி கட்டி, இரு சுவர்களுக்கும் நடுவில் மணல் நிரப்பி, காலையும் மாலையும் அம்மணலை நனைத்துவரலாம். இது டெல்லி வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தார் வகுத்த முறை, மின்சாரம் வேண்டியதில்லை. கடுங்கோடையிலும் தொட்டியின் உட்புறம் வெளியைவிடக் குளிர்ந்திருக்கும்.

மற்றக் காய்களைத் தேர்வது நம் பெண்மணிகள் அறியாததன்று. வெண்டையின் நுனி ஒடியவேண்டும். சுரையில் நகம் எளிதில் இறங்கவேண்டும். கத்தரியின் காம்பு பச்சையாகவும் தோல் பளபளப்பாகவும் இருத்தல் வேண்டும். முழுப் பூசணி வைக்கோல்மேல் மாதக்கணக்கில் இருக்கும். அரிந்துவிட்டால் விரைவிலேயே தீர்க்கவேண்டும்.

சமைக்கும்போது காயை முதலில் கழுவிப் பின்னர் அரிதலே முறை. அரிந்த பிறகு நீரில் அலசினால் வைட்டமின் ‘ஸி’ போன்ற சத்துக்கள் கரைந்து வெளியேறும். உருளையைத் தோலோடு வேகவைத்து உரித்தால் அந்த இழப்புக் குறையும். தண்ணீர் கொதித்த பின் போடாமல் குளிர்ந்த நீரிலேயே இட்டு அடுப்பேற்றினால் உள்ளும் புறமும் ஒருசேர வேகும். புளி ஊற்றிய குழம்பில் கிழங்கு எளிதில் வேகாமைக்கு அடுப்புக் காரணமன்று. புளிப்பு அதன் சதையை இறுக்கிவிடுகிறது. கிழங்கு வெந்த பிறகே புளியைக் கரைத்து விடுக.

வறுவலுக்குச் சீவிய கிழங்கு கறுக்காமலிருக்கச் சிறிது நேரம் தண்ணீரில் போடுகிறோம். அந்நீர் தெளிந்தபின் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவது மாவுப்பொருளே. ஆலைகளில் நூற்பாவுக்குக் கஞ்சியிட இந்த உருளை மாவும் பயன்படுவதுண்டு. வெந்த கிழங்கு மீந்தால் அதை இரவெல்லாம் வெளியில் வைத்து மறுநாள் உண்ணலாகாது. காலையில் செய்ததை அன்று பகலுக்குள்ளேயே தீர்த்துவிடும்படி அளவறிந்து வேகவைக்கவும்.