இரும்பு தாங்கும் கும்மட்டங்கள்

இங்கிலாந்தின் தென்கரையில், பிரைட்டன் என்னும் ஊரில், வெங்காய வடிவக் கும்மட்டங்களும் மினார்களும் கல்லில் குடைந்த பலகணிகளுமாக, தில்லியிலோ ஆக்ராவிலோ இருக்க வேண்டியதென்று தோன்றும் ஓர் அரண்மனை நிற்கிறது. ராயல் பெவிலியன் என்று பிரசித்தி பெற்ற இம்மாளிகைக்கு இவ்வுருவம் கொடுத்த ஜான் நாஷ், இந்தியாவைக் கண்ணால் கண்டவரே அல்லர்.

1783-ல் முதன்முதலாக அவ்வூருக்கு வந்து, கடற்காற்றிலும் அங்கே கிடைத்த சுயேச்சையான வாழ்விலும் மனத்தைப் பறிகொடுத்த இளவரசர் ஜார்ஜ், சில வருஷங்களில் அங்கே ஒரு பண்ணை வீட்டை அமர்த்திக்கொள்ள, ஹென்றி ஹாலண்ட் என்பவர் அதைக் கிரேக்க ரோமானியப் பாணியில் விஸ்தரித்துக் கொடுத்தார். இந்தியச் சாயல் முதலில் வாய்த்தது 1808-ல் முடிந்த குதிரை லாயத்துக்குத்தான். அதன் பிறகு, 1815-ல், மாளிகையையே மாற்றும் பொறுப்பு நாஷிடம் வந்தது. மதுரை, ராமேசுவரம் வரை நம் நாட்டைச் சுற்றிப் பார்த்த தாமஸ் டானியல், வில்லியம் டானியல் என்னும் ஓவியர்கள் அச்சிட்டிருந்த சித்திரங்களே அவருக்குத் துணை.

சித்திரத்தில் உள்ள கும்மட்டத்தைக் கட்டடமாக்குவது எளிதன்று. கல்லாலோ செங்கல்லாலோ எழுப்பிய கும்மட்டம் தன் பாரத்தைக் கீழே இறக்குவதோடு நில்லாமல் பக்கவாட்டிலும் தள்ளுமாகையால், மொகலாயச் சிற்பிகள் அதற்கு ஈடுகொடுக்கக் கனத்த சுவர்களை எழுப்பினார்கள். நாஷுக்கு வாய்த்திருந்ததோ, சாதாரண வாசத்துக்கென்று ஹாலண்ட் கட்டிய வீடு. ஆகவே அவர், அக்காலத்தில் புதிதாகக் கட்டடங்களில் புகுந்துகொண்டிருந்த வார்ப்பிரும்பைக் கொண்டு, பழைய வீட்டின்மேல் ஒரு சட்டகத்தை நிறுத்தி, அதன்மீது கும்மட்டத்தின் வடிவத்தை அமைத்தார். வெளியே மறைந்திருக்கும் இந்த இரும்பு பெரிய சமையற்கூடத்தில் பகிரங்கமாகவே நிற்கிறது: அங்கே கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்களின் உச்சியில் செம்புத் தகட்டால் செய்த பனையோலைகள் விரிந்திருக்கின்றன. யுக்தியும் அழகும் இவ்வளவு இணக்கமாகச் சேர்ந்த இடம் அம்மாளிகையில் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

எல்லாம் இப்படிப் பலித்துவிடவில்லை. கூடார வடிவக் கூரைகளின்மேல் அவர் பூசிய புதுவகைச் சாந்து, மழைக்குத் தாங்காமல் ஒழுகிற்று. உள் அலங்காரமோ முழுக்கச் சீனப் பாணி. விருந்து மண்டபத்தில் ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள சரவிளக்கை ஒரு டிராகன் பற்றித் தொங்கவிட்டிருக்கிறது.

விக்டோரியா ராணிக்கு இம்மாளிகை பிடிக்கவில்லை. 1850-ல் அது ஊராரின் உடைமையாயிற்று. முதல் உலக யுத்தத்தில் இந்திய உருவம் தரித்த இவ்விடத்துக்கு இந்தியரே வந்தனர். பிரான்சில் காயமுற்ற நம் சிப்பாய்களுக்கு 1914 டிசம்பர் முதல் இது ஆஸ்பத்திரியாயிற்று. அவரவர் மத ஆசாரத்துக்கு ஏற்பத் தனித்தனி அடுக்களைகளும், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வெவ்வேறு தண்ணீர்க் குழாய்களும் அமைத்தார்கள். அந்தப் பராமரிப்புக்கு நன்றியாக இந்தியா அளித்த கும்மட்ட வாயிலை, மாளிகையின் தென்புறத்தில், 1921 அக்டோபரில் பாட்டியாலா மகாராஜா திறந்து வைத்தார்.